கோபால்ட் எங்க போய் உக்காந்துச்சு?

ஜிங்க் ஆக்சைடுல கோபால்ட்டைக் கலந்து நாங்க ஜர்னலுக்கு அனுப்பின பேப்பருக்கு ரிவ்யூவர் நம்பர் ரெண்டு எழுதியிருந்தது மொத்தமே மூணு வரி. கோபால்ட் போய் ஜிங்க் இடத்துலதான் உக்காந்திருக்குன்னு சொல்றீங்க, அதுக்கு நீங்க காட்டுற ஒரே ஆதாரம் எக்ஸ்ஆர்டியில (எக்ஸ்ரேயைப் படிகத்துல பட்டுச் சிதற விட்டு எடுக்கிற படம்) வேற பீக் இல்லங்கிறது, அது பத்தாது, கோபால்ட்டைச் சுத்தி என்ன இருக்குன்னு நேரடியா காட்டுங்க. அவ்ளோதான். முதல் ரிவ்யூவர் ரெண்டு பக்கத்துக்கு இங்கிலீஷ் திருத்தம் போட்டிருந்தாரு, அதெல்லாம் ஒரு ராத்திரி வேலை. இந்த மூணு வரி எனக்கு ஒன்றரை வருஷத்தை எடுத்துக்கிச்சு.

கைடு ரூமுக்குப் போய் காட்டினேன். இவருக்கு வேற வேலையே இல்ல, வேற ஜர்னலுக்கு அனுப்பிடலாம் விடுன்னு சொல்வாருன்னு நம்பித்தான் போனேன். சார் கண்ணாடியைக் கழட்டி டேபிள்ல வச்சுட்டு, "அவர் கேக்கறது நியாயந்தானப்பா"ன்னாரு. அப்புறம் கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் ஒண்ணுமே பேசல.

எங்க சாம்பிள் ஜிங்க் ஆக்சைடு, அதுல 2, 5, 10 சதவீதம் கோபால்ட். சிரிக்காதீங்க. நம்ம பக்கம் ஃபிசிக்ஸ்ல பிஎச்டி பண்ணவங்களுக்கு ஜிங்க் ஆக்சைடுங்கிறது வீட்டுல புளிக்குழம்பு மாதிரி, வாரத்துல ஒரு நாளாவது இருக்கும். இந்தக் கூத்து எங்க ஆரம்பிச்சதுன்னா, 2000ல சயின்ஸ் இதழ்ல டீட்டில்ங்கிற ஃபிசிக்ஸ்காரரோட குரூப் ஒரு கணக்கு போட்டுச் சொன்னாங்க, ஜிங்க் ஆக்சைடுலயும் காலியம் நைட்ரைடுலயும் மாங்கனீஸைச் சரியான விதத்துல கலந்தா அறை வெப்பநிலையிலயே காந்தமாவும் இருக்கும் செமிகண்டக்டராவும் இருக்கும்னு. அடுத்த வருஷமே ஜப்பான்ல கோபால்ட் கலந்த ஜிங்க் ஆக்சைடு படலத்துல காந்தத்தன்மை பார்த்ததா பேப்பர் வந்துச்சு. அதுக்கப்புறம் உலகமே விழுந்தடிச்சு இதைச் செய்ய ஆரம்பிச்சுது, ஒருத்தர் காந்தம் இருக்குன்னாரு, இன்னொருத்தர் அதே சாம்பிளைப் பண்ணி ஒண்ணுமே இல்லன்னாரு. சந்தேகம் என்னன்னா, அந்தக் காந்தத்தன்மை உண்மையிலேயே ஜிங்க் ஆக்சைடோடதா, இல்ல உள்ள எங்கயோ ஒளிஞ்சிருக்கிற குட்டிக் குட்டி கோபால்ட் உலோகத் துணுக்கோடதா. துணுக்கோடதுன்னா மொத்தக் கதையும் காலி. அதனால கோபால்ட் எங்க உக்காந்திருக்குங்கிறது வெறும் விடுகதை இல்ல, பேப்பரே அதுலதான் நிக்குது.

எக்ஸ்ஆர்டி இதைச் சொல்லாதான்னு கேப்பீங்க. சொல்லும், ஆனா அது பார்க்கிறது அணுக்கள் வரிசை கட்டி ஒரே மாதிரி திரும்பத் திரும்ப நிக்கிற பெரிய ஒழுங்கை. கலந்த பொருள் கொஞ்சமா, அதுவும் சில நானோமீட்டர் துண்டா சிதறிக் கெடந்தா அதோட பீக் அகலமா, தட்டையா போய் பேக்ரவுண்டுல கலந்துடும். அதுலயும் கோபால்ட் ஆக்சைடுல ஸ்பினல் வகை ஒண்ணு இருக்கு, அதோட பெரிய பீக் 36.8 டிகிரி கிட்ட வரும், ஜிங்க் ஆக்சைடோட பெரிய பீக் 36.2 கிட்ட. பெரியண்ணன் முதுகுக்குப் பின்னாடி தம்பி ஒளிஞ்சு நிக்கிற மாதிரி. எங்களுக்குத் தெரியாம இல்ல, தெரிஞ்சும் "வேற பீக் இல்லை"ன்னு எழுதிட்டோம், எல்லாரும் எழுதறாங்கன்னு.

சரி, அப்ப என்னதான் வழின்னா, எக்ஸ்ரே உறிஞ்சல் நிறமாலை. வாயில நுழையாத பேரு, லேப்ல எக்ஸ்ஏஎஸ்னுதான் சொல்வோம். விஷயம் இதுதான்: எக்ஸ்ரேயோட ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திட்டே போய் சாம்பிள் எவ்ளோ உறிஞ்சுதுன்னு அளக்கணும். ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு குறிப்பிட்ட ஆற்றல் இருக்கு, அங்க வந்ததும் உள்கூட்டுல இருக்கிற எலக்ட்ரான் பிச்சுக்கிட்டு வெளிய வரும், உறிஞ்சல் சட்டுனு செங்குத்தா ஏறும். அதைத்தான் எட்ஜ்னு சொல்றது. இரும்புக்கு 7112 எலக்ட்ரான் வோல்ட், கோபால்ட்டுக்கு 7709, நிக்கலுக்கு 8333, ஜிங்க்குக்கு 9659. ஒண்ணு இன்னொண்ணோட மோதாது. கல்யாண மண்டபத்துல ஆயிரம் பேர் இருக்கட்டும், "ஏய் சுப்பிரமணி"ன்னு கத்தினா சுப்பிரமணி மட்டும்தான் திரும்பிப் பார்ப்பான், அந்த மாதிரி 7709ல கூப்பிட்டா கோபால்ட் மட்டும்தான் பதில் சொல்லும். ஜிங்க் 20 மடங்கு அதிகமா இருந்தாலும் வாயைத் திறக்காது.

ஆனா பேர் சொல்லிக் கூப்பிடறதோட முடியல. எட்ஜைத் தாண்டி இன்னும் சில நூறு எலக்ட்ரான் வோல்ட் மேல போனா கோடு நேரா இருக்காது, லேசா மேலயும் கீழயும் நெளியும். அந்த நெளிவுலதான் மொத்த விஷயமும் இருக்கு. புது வீடு பால் காய்ச்சுற அன்னிக்கு சாமான் எதுவும் இல்லாத ஹால்ல நின்னு பேசிப் பாருங்க, குரல் சுவர்ல பட்டுத் திரும்பி வந்து உங்க குரலோடயே கலந்து ஒரு மாதிரி கேக்கும், பீரோவும் கட்டிலும் வந்தப்புறம் அதே குரல் வேற மாதிரி கேக்கும். கண்ணை மூடிக்கிட்டாலும் காது வச்சே சுவர் கிட்ட இருக்கா தூரமா இருக்கான்னு ஓரளவு சொல்லிடலாம். கோபால்ட் அணுவுல இருந்து கிளம்புற எலக்ட்ரானும் ஒரு அலைதான், அது பக்கத்து அணுக்கள் மேல பட்டுத் திரும்பி வந்து கிளம்பின இடத்துலயே தன்னோட தானே சேரும், சேர்ந்தா உறிஞ்சல் கூடும், எதிரா வந்தா குறையும். நெளிவு எவ்ளோ வேகமா வருதோ அதுல இருந்து பக்கத்து அணு எவ்ளோ தூரம்னு தெரியும், எவ்ளோ உயரமோ அதுல இருந்து எத்தனை அணுன்னு தெரியும், எந்த ஆற்றல்ல பலமா இருக்குங்கிறதை வச்சு கனமான அணுவா லேசான அணுவான்னு கிட்டத்தட்ட சொல்லலாம். இந்தப் பகுதிக்கு எக்ஸாஃப்ஸ்னு பேரு. எட்ஜுக்கு ரொம்பக் கிட்ட இருக்கிற பகுதி ஸேன்ஸ், அது அணுவோட மின்னேற்ற நிலையையும் அதைச் சுத்தி இருக்கிற அமைப்போட வடிவத்தையும் சொல்லும்.

இந்த நெளிவை 1920லயே பார்த்துட்டாங்க. 1931ல க்ரோனிக் ஒரு விளக்கம் கொடுத்தாரு, அப்புறம் நாப்பது வருஷம் சண்டை, இது படிகம் முழுக்க இருக்கிற ஒழுங்கால வருதா இல்ல பக்கத்து வீட்டு அணுக்களால மட்டும் வருதான்னு. 1971ல சேயர்ஸ், ஸ்டெர்ன், லைட்டில் மூணு பேரும் அந்த நெளிவை ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் பண்ணி, அதாவது நெளிவைத் தூரக் கணக்கா மாத்திக் காட்டினாங்க, பக்கத்து அணுக்கள் இருக்கிற தூரத்துல எல்லாம் பீக் வந்து நின்னுச்சு, சண்டை முடிஞ்சுது. இதுல லைட்டில் வேலை பார்த்தது எங்க தெரியுமா, விமானம் செய்யற போயிங் கம்பெனி லேப்ல. அவர் ஸ்டான்ஃபோர்டுல சிங்க்ரோட்ரானுக்கு (எலக்ட்ரானை வளையத்துல சுத்த விட்டு பலமான எக்ஸ்ரே எடுக்கிற மெஷின்) முதல் தடவை போனப்ப மூணே நாள்ல, அதுவரைக்கும் பத்து வருஷமா எடுத்ததை விட அதிகமான, நல்ல டேட்டாவோட திரும்பி வந்து லேப்ல இருந்த மூணு ஸ்பெக்ட்ரோமீட்டரையும் இழுத்து மூடிட்டாராம். எனக்கு இந்த ஆளை ரொம்பப் பிடிக்கும்.

நமக்கு சிங்க்ரோட்ரான்னா இந்தூர். ராஜா ராமண்ணா மையத்துல இருக்கிற இண்டஸ்-2. ப்ரபோசல் எழுதிப் போட்டு, காத்திருந்து, தேதி வந்ததும் சேலத்துல அகல்யாநகரி எக்ஸ்பிரஸ் ஏறினேன், ரெண்டு ராத்திரி ரயில்ல. அம்மா புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக் கொடுத்துட்டு, "அவ்ளோ தூரம் போய் எக்ஸ்ரே எடுக்கணுமாடா, நம்ம ஊர்லயே ஸ்கேன் சென்டர் இருக்கே"ன்னாங்க. நான் சிரிச்சேன், ஆனா கேள்வியில தப்பில்ல. ஸ்கேன் சென்டர் ட்யூப்ல வர்ற எக்ஸ்ரே நமக்கு வேண்டிய ஒவ்வொரு ஆற்றல்லயும் தேவையான அளவு கிடைக்காது. இண்டஸ்-2ல எலக்ட்ரான்களை 550 மெகா எலக்ட்ரான் வோல்ட்ல வளையத்துக்குள்ள விட்டு, அங்கயே 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் வரைக்கும் ஏத்துறாங்க. வளையத்தோட சுத்தளவு 172 மீட்டர் சொச்சம், கிட்டத்தட்ட ஒளி வேகம், கணக்குப் போட்டா செகண்டுக்கு 17 லட்சம் சுத்து. ஒவ்வொரு வளைவுலயும் காந்தம் அதைத் திருப்பும்போது எக்ஸ்ரே தெறிக்கும், எல்லா ஆற்றலும் கலந்து, வெள்ளை வெளிச்சம் மாதிரி. அதுல நமக்கு வேண்டியதை மட்டும் சிலிக்கான் படிகம் பிரிச்சுக் கொடுக்கும், கோபால்ட் எட்ஜுக்குப் படிகம் 15 டிகிரிக்குக் கொஞ்சம் கம்மியா திரும்பி நிக்கும். வளையத்துல இருந்து எக்ஸ்ரேயை சாம்பிளுக்குக் கொண்டு வர்ற ஒவ்வொரு வழிக்கும் பீம்லைன்னு பேரு, நான் போனது பீம்லைன் 9, பாபா அணு ஆராய்ச்சி மையத்து ஆளுங்க அமைச்சது.

இப்ப என் மானம் போன கதை. நம்ம சாம்பிள் என்னன்னு சொல்லணும்னா ஒப்பிட்டுப் பார்க்க தெரிஞ்ச பொருள் வேணும், அதை ஸ்டாண்டர்டுன்னு சொல்வோம்: கோபால்ட் தகடு, கோபால்ட் மோனாக்சைடு, அந்த ஸ்பினல் ஆக்சைடு. ஆக்சைடு ரெண்டுக்கும் ஊர்லயே பவுடரை வில்லையா அழுத்தி பெல்லட் போட்டு ஜிப்லாக் கவர்ல எடுத்துட்டுப் போயிருந்தேன், பெருமையா. சாயங்காலம் சாம்பிள் ஹோல்டர்ல மாட்டி, அறையைப் பூட்டி, ஷட்டரைத் திறந்தா, முன்னாடி இருக்கிற, எக்ஸ்ரேயை அளக்கிற அயனி அறையில சிக்னல் இருக்கு, பெல்லட்டுக்குப் பின்னாடி இருக்கிறதுல சுத்தமா இல்ல. பீம் போச்சான்னு பார்த்தா பீம் நல்லாதான் இருக்கு. பெல்லட்டை எடுத்தா சிக்னல் வருது, வச்சா போயிடுது.

பக்கத்து பீம்லைனுக்கு வந்திருந்த ஒரு மலையாளிப் பொண்ணு, ஸ்காலர்தான், எட்டிப் பார்த்துட்டு, எவ்ளோ பவுடர் போட்டீங்கன்னு கேட்டுச்சு. 50 மில்லிகிராம்னேன். "ஃபிஃப்டியா? எந்தா சேட்டா!"

கணக்கு ரொம்ப சிம்பிள், நான்தான் போடல. பெல்லட் அழுத்துற 13 மில்லிமீட்டர் டைக்கு (அச்சு) அந்த ஸ்பினல் ஆக்சைடு வெறும் 5.5 மில்லிகிராம் கிட்ட இருந்தாத்தான் எட்ஜோட உயரம் சரியா 1 வரும். அதை 100 மில்லிகிராம் செல்லுலோஸ் பவுடரோட கலந்து அழுத்தணும், பெல்லட் கையில நிக்கறதுக்கு. நான் போட்டிருந்தது ஒன்பது மடங்கு, அதுல லட்சத்துல சில போட்டான்தான் அந்தப் பக்கம் போகும். எலக்ட்ரிக்கல் அளவுக்கு பெல்லட் போட்டுப் பழகின கை, கனமா இருந்தாத்தான் அதுக்குத் திருப்தி. அந்தப் பொண்ணு செல்லுலோஸ் கொடுத்துச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு உக்காந்து மார்ட்டர்ல அரைச்சேன். இதுல இன்னொரு நுணுக்கம், துகள் அஞ்சு மைக்ரானுக்குக் கீழ போகணும், இல்லன்னா சில இடத்துல எக்ஸ்ரே ஒரு துகளும் படாம இடுக்கு வழியா போயிடும், சில இடத்துல கல்லு மாதிரி நிக்கும், நெளிவோட உயரம் குறைஞ்சு போய் பக்கத்து அணு எண்ணிக்கையே தப்பா வரும். அதனால சும்மா கலக்கினா போதாது, தோசை மாவு மாதிரி கையில நெருநெருன்னு தட்டாத வரைக்கும் அரைக்கணும். முக்கால் மணிநேரம். கை போச்சு.

உண்மையான சாம்பிளுக்கு வேற முறை. கோபால்ட் கம்மியா இருக்கிறதால உறிஞ்சலை நேரடியா அளக்காம, உறிஞ்சின அப்புறம் கோபால்ட் திருப்பி வீசுற 6930 எலக்ட்ரான் வோல்ட் ஒளியை அளக்கிறது. சாம்பிள் 45 டிகிரி சாய்ஞ்சு நிக்கும், டிடெக்டர் பீமுக்கு 90 டிகிரியில, அங்கதான் சும்மா சிதறி வர்ற எக்ஸ்ரே ரொம்பக் கம்மி. ஒரு ஸ்கேன் முக்கால் மணிநேரம், ஒரு சாம்பிளுக்கு நாலு ஸ்கேன் எடுத்து சராசரி போடணும். ராத்திரி ரெண்டு மணிக்கு 2 சதவீத சாம்பிளோட முதல் ஸ்கேன், ஸ்க்ரீன்ல ஒவ்வொரு புள்ளியா நகருது, 7709 வரப் போகுது, எட்ஜுக்கு முன்னாடி ஒரு குட்டி மேடு எழும்பிச்சு. அதுதான் நான் தேடி வந்த மேடு. கோபால்ட்டைச் சுத்தி நாலு ஆக்சிஜன் நான்முகியா நின்னா அந்த மேடு நல்லா தெரியும், ஆறு ஆக்சிஜன் எண்முகியா நின்னா கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் படுத்துடும். ஜிங்க் ஆக்சைடுல ஜிங்க்கைச் சுத்தி நாலு ஆக்சிஜன்தான், அப்ப நம்ம ஆள் ஜிங்க் வீட்டுலதான் இருக்கான். அந்த நேரத்துல அறையில கத்த முடியாது, வெளிய போய் ஒரு டீ குடிச்சுட்டு வந்தேன். 5 சதவீதமும் அதே மாதிரி. 10 சதவீதம் எடுக்கும்போது விடிஞ்சுடுச்சு, தூக்கக் கலக்கத்துல சரியா பார்க்கல, நேரா போய் போஹாவும் ஜிலேபியும் சாப்பிட்டுப் படுத்துட்டேன். அவலோட ஜிலேபியைச் சேர்த்துத் திங்கறது முதல்ல விசித்திரமா இருந்துச்சு, மூணாவது நாள் பழகிப் போச்சு.

ஊருக்கு வந்து டேட்டாவை அதீனாவுல போட்டேன், இந்த வேலைக்குன்னே இருக்கிற இலவச சாஃப்ட்வேர், அதுக்கு ஜோடி ஆர்ட்டெமிஸ், ஃபிட் பண்றதுக்கு, அதாவது கணக்குல வர்ற கோட்டை டேட்டாவோட பொருத்தறதுக்கு. ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் போட்டதும் முதல் பீக் 1.5 ஆங்ஸ்ட்ராம்ல (ஒரு ஆங்ஸ்ட்ராம்னா நானோமீட்டர்ல பத்துல ஒரு பங்கு) நின்னுச்சு. கோபால்ட் ஆக்சிஜன் தூரம் 1.97 கிட்ட இருக்கணும். பிணைப்பு இவ்ளோ சுருங்கியிருக்கு, புது கண்டுபிடிப்புன்னு நெனச்சு, ராத்திரி பதினொன்றரைக்கு சாருக்கு வாட்ஸ்அப்ல படத்தோட அனுப்பிட்டேன். காலையில பதில்: "ஃபேஸ் ஷிஃப்ட்." அவ்ளோதான், முழு வாக்கியம் கூட இல்ல. எலக்ட்ரான் அலை ரெண்டு அணுவோட புலத்துலயும் மாட்டி வரும்போது அதோட கட்டம் மாறும், அதனால அந்தப் படத்துல எல்லா பீக்கும் உண்மையான தூரத்தை விட 0.3ல இருந்து 0.5 ஆங்ஸ்ட்ராம் வரைக்கும் கம்மியாத்தான் தெரியும். இதைத் தெரியாம படத்துல இருக்கிற நம்பரை அப்படியே தூரம்னு போட்ட பேப்பர்கள் இன்னிக்கும் வருது, என்னோடதும் அதுல ஒண்ணா ஆகியிருக்கும்.

அடுத்த கோமாளித்தனம் ஃபிட். முதல்ல 14 பாராமீட்டரை அவுத்து விட்டேன், கோடு மேல கோடு அச்சு அசலா விழுந்துச்சு. ஆனா டேட்டாவுல உண்மையிலேயே எவ்ளோ தகவல் இருக்குன்னு ஒரு கணக்கு இருக்கு, நான் எடுத்துக்கிட்ட எல்லைக்கு அது 11 தான் வரும். 11 தகவலை வச்சு 14 விஷயத்தைக் கண்டுபிடிச்சேன்னா மிச்சம் மூணு என் கற்பனை. அப்புறம் கோபால்ட் தகட்டை முதல்ல ஃபிட் பண்ணி, அதுல 2.5 ஆங்ஸ்ட்ராம்ல 12 பேர் இருக்காங்கன்னு ஏற்கனவே தெரியும்ல, அதை வச்சு உயரத்துக்கான ஒரு காரணியை நிறுத்தி, மத்ததுக்கெல்லாம் அதையே போட்டு, பாராமீட்டரை ஏழுக்குக் கொண்டு வந்தேன். கோடு முன்ன மாதிரி ஒட்டல, ஆனா நம்பர்கள் புத்தியோட பேச ஆரம்பிச்சுது.

2லயும் 5லயும் கோபால்ட் ஆக்சிஜன் 1.97, அடுத்த சுத்து 3.2 கிட்ட, அப்படியே ஜிங்க் இடம். உலோகத் துணுக்கோட அடையாளம் எதுவும் தெரியல, இருந்தா படத்துல 2.2 கிட்ட பீக் எழும்பியிருக்கும். ஒரு விஷயம் மட்டும் இதுல சொல்ல முடியாது. அந்த அடுத்த சுத்துல இருக்கிறது ஜிங்க்கா இன்னொரு கோபால்ட்டான்னு கேட்டா எக்ஸாஃப்ஸ் கையை விரிச்சுடும், கோபால்ட்டோட அணு எண் 27, ஜிங்க்கோடது 30, ரெண்டும் அதுக்கு ஏறக்குறைய ஒண்ணுதான். கோபால்ட்டுங்க ஒண்ணா கூடி உக்காந்திருக்கா, தனித்தனியா இருக்கான்னு இதை மட்டும் வச்சு யாராவது சொன்னா நம்பாதீங்க.

10 சதவீதத்துலதான் ஆப்பு. எட்ஜ் லேசா மேல நகர்ந்திருக்கு, முன்மேடு குட்டையாகியிருக்கு, படத்துல 2.4 கிட்ட 2லயும் 5லயும் இல்லாத ஒரு தோள் துருத்திக்கிட்டு நிக்குது. ஃபேஸ் ஷிஃப்ட் சேர்த்தா 2.86, அந்த ஸ்பினல்ல கோபால்ட்டுக்கும் கோபால்ட்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம். அண்ணன் முதுகுக்குப் பின்னாடி நின்ன தம்பி.

சாருக்குக் காட்டினேன். அவர் ஸ்க்ரீனைப் பார்க்கல, அலமாரியில இருந்த மூணு சாம்பிள் பாட்டிலை எடுத்து வரிசையா ஜன்னல் வெளிச்சத்துல வச்சாரு. 2 சதவீதம் வெளிர் பச்சை, 5 நல்ல பச்சை, 10 அழுக்கா கரும்பச்சை. ஜிங்க் இடத்துல கோபால்ட் உக்காந்தா பச்சை வரும், 1780ல ஸ்வீடன்ல ரின்மன் கண்டுபிடிச்ச நிறமி அது, பெயிண்டுக்கு வச்சிருந்தாங்க. ஸ்பினல் கறுப்பு. பச்சையில கறுப்பு கலந்தா என்ன கலர் வரும்னு எல்கேஜி புள்ளைக்குத் தெரியும். நாலு வருஷமா அந்த பாட்டில் என் கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி பழைய எக்ஸ்ஆர்டி ஃபைலைத் திறந்தேன், பேக்ரவுண்டை வெட்டறதுக்கு முன்னாடி இருந்த ஒரிஜினல் ஃபைல். கோபால்ட் கூடக்கூட பேக்ரவுண்ட் படிப்படியா ஏறியிருக்கு. எங்க மெஷின் செம்பு ட்யூப், 8047 எலக்ட்ரான் வோல்ட், கோபால்ட் எட்ஜ் 7709. அதாவது ஒவ்வொரு தடவை எக்ஸ்ஆர்டி எடுக்கும்போதும் கோபால்ட் அதை உறிஞ்சி அதே 6930ஐத் திருப்பி வீசிக்கிட்டே இருந்திருக்கு, இந்தூர்ல ராத்திரி முழுக்க உக்காந்து அளந்த அதே ஒளி. நான் அதை அசிங்கம்னு சொல்லி மவுஸால ஒரு கோடு போட்டு வெட்டி எறிஞ்சிருக்கேன். எங்க உக்காந்திருக்குன்னு அது சொல்லாதுதான், இருந்தாலும்.

பேப்பர்ல 10 சதவீதத்தை ஜிங்க் இடம்னு சொன்னதை எடுத்துட்டு, 5க்கு மேல போனா ஸ்பினல் பிரியுதுன்னு எழுதி அதே ஜர்னலுக்கே அனுப்பினோம், போன மாசம் ஏத்துக்கிட்டாங்க. இப்ப 10 சதவீதத்தையே 350ல இருந்து 600 டிகிரி வரைக்கும் தனித்தனியா சூடு பண்ணி வச்சிருக்கேன், எந்த வெப்பத்துல பிரிய ஆரம்பிக்குதுன்னு பார்க்கணும், பீம்டைமுக்கு ப்ரபோசல் போட்டாச்சு. ஸ்டாண்டர்டு பெல்லட்டும் ரெடி, 5.5 மில்லிகிராம், கவர் மேல மார்க்கர்ல பெருசா எழுதி ஒட்டியிருக்கேன்.